இஸ்லாமும் வேதாகமத் தீர்க்கதரிசனமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள எங்கள் சின்னச் சபையில் பதினொரு வருடமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் வேதப்படிப்பு நடத்துகிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தைத் தொடங்கி நாலு கிழமை போவதற்குள் யாராவது போனை நீட்டி, "அக்கா, இந்த வீடியோவில சொல்லுறது சரியோ?" என்று கேட்டுவிடுவார்கள். வீடியோக்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் அநேகமாக அவையேதான். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தக் கேள்விகள் இரண்டு மடங்காகின. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைக் கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

வசனங்கள் பழைய திருப்புதலில் இருந்து எடுத்தவை. கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியத்தில் வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடு என்றும், இஸ்மவேல் இஸ்மயேல் என்றும் இருக்கும். குழம்ப வேண்டாம்.

பைபிளில இஸ்லாத்தைப் பற்றி எங்கையாவது நேரடியாச் சொல்லியிருக்கோ?

இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தை யோவான் பத்மு தீவில் எழுதியது கி.பி. 95 அளவில் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கணக்கு. முகம்மது நபி பிறந்தது 570 அளவில். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத் 622இல், மரணம் 632இல். பைபிளின் கடைசிப் புத்தகம் எழுதி முடிந்து ஐந்து நூற்றாண்டுக்கு மேல் போன பிறகுதான் இஸ்லாம் தொடங்குகிறது.

"வருங்காலத்தைச் சொல்லுவதுதானே தீர்க்கதரிசனம்?" என்று உடனே கேட்பார்கள். சரி. ஏசாயா 45:1 பெர்சிய ராஜா கோரேசைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. கடவுள் பெயர் சொல்ல நினைத்த இடத்தில் பெயர் இருக்கிறது. இஸ்லாத்துக்கு அப்படி ஒரு வசனம் இல்லை. ஆகையால், "இந்த வசனம் இஸ்லாத்தைத்தான் சொல்லுது" என்று யாராவது சொன்னால், அது வசனம் சொன்னது அல்ல, அவர் ஊகித்தது. ஊகிப்பது பாவமில்லை. ஊகத்தைக் கடவுளின் வாயில் வைப்பதுதான் பயத்துக்குரியது.

முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் இஸ்மவேலின்ர பரம்பரையோ?

அரேபியாவின் பல கோத்திரங்கள் இஸ்மவேலின் வழி வந்தவை என்பது யூதரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் கிறிஸ்தவர்களிடத்திலும் உள்ள பழைய நம்பிக்கை. ஆதியாகமம் 25 அவனுடைய பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களைத் தருகிறது. நெபாயோத், கேதார், தேமா போன்ற பெயர்கள் வட அரேபிய இடங்களோடும் இனங்களோடும் பொருந்துகின்றன.

ஆனால் இன்றைக்கு உலக முஸ்லிம்களில் பெரும்பாலானோர் அரபியர் இல்லை. மிகக் கூடுதலாக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. மன்னார் எருக்கலம்பிட்டியிலும், முசலியிலும், எங்களுக்குப் பக்கத்தில் நீராவிப்பிட்டியிலும் இருப்பவர்கள் எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். அரபு வணிகர், தென்னிந்திய முஸ்லிம்கள், இந்த மண்ணின் பெண்கள் எல்லாரும் கலந்து வந்த சந்ததி. மறுபக்கம், லெபனானிலும் பலஸ்தீனத்திலும் அரபு பேசும் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இஸ்மவேலைப் பற்றிய வசனத்தை எடுத்து ஒரு மதத்தின் மேல் அப்படியே ஒட்ட முடியாது.

இஸ்மவேல் "துஷ்டமனுஷன்" எண்டு பைபிளே சொல்லுதே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்லுவேன். ஆதியாகமம் 16:12 எங்கள் மொழிபெயர்ப்பில் "அவன் துஷ்டமனுஷனாயிருப்பான்" என்று இருக்கிறது. துஷ்டன் என்றால் எங்களுக்குக் கெட்டவன். எபிரெயத்தில் உள்ளதோ "காட்டுக்கழுதை போன்ற மனிதன்" என்ற பொருளுள்ள சொற்றொடர். கழுதை என்றதும் இது இன்னும் பெரிய வசை என்று நினைக்க வேண்டாம். யோபு 39ஐத் திறந்து பாருங்கள். காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார், வனாந்தரத்தை அதற்கு வீடாகக் கொடுத்தது யார் என்று கடவுளே அதைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறார். ஓட்டுகிறவனின் கூச்சலுக்கு அது செவிகொடாது. அடிமைப் பெண்ணான ஆகாருக்கு, "உன் பிள்ளை யாருக்கும் அடிமையாக மாட்டான்" என்பது எப்படிக் கேட்டிருக்கும்? அடுத்து வரும் சண்டையைப் பற்றிய வரிகள் கடினமானவைதான், மறுக்கவில்லை. சுதந்திரமாக அலைகிறவனுக்கு அதனோடு சேர்ந்து வரும் வாழ்க்கை அது.

இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் மற்ற வசனங்களை வாசிப்பதில்லை. 17:20இல் கடவுள் இஸ்மவேலை ஆசீர்வதித்து, அவனிடத்தில் பன்னிரண்டு பிரபுக்கள் பிறப்பார்கள் என்கிறார். 21:17இல் வனாந்தரத்தில் தண்ணீர் முடிந்து செத்துக்கொண்டிருந்த பிள்ளையின் சத்தத்தை அவர் கேட்டார். 21:20, "தேவன் பிள்ளையுடனே இருந்தார்" என்கிறது. இஸ்மவேல் என்ற பெயரின் பொருளே "தேவன் கேட்கிறார்" என்பதுதான். 25:9இல் ஆபிரகாமை அடக்கம் செய்தது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து. உடன்படிக்கை ஈசாக்கின் வழியாக வந்தது, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் உடன்படிக்கை ஒருவனுக்கு என்றால் மற்றவனுக்குச் சாபம் என்று ஆதியாகமம் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அல்லாவும் நாங்கள் கும்பிடுற கடவுளும் ஒண்டோ? அல்லா சந்திரக் கடவுள் எண்டு ஒரு பாஸ்டர் சொன்னார்.

சந்திரக் கடவுள் கதையை முதலில் தள்ளிவிடுவோம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம்பணியாதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே பணியுங்கள் என்று குர்ஆன் 41:37 சொல்கிறது. அல்லாஹ் என்பது கடவுள் என்பதற்கான அரபுச் சொல். அரபு பைபிளில் ஆதியாகமம் 1:1இலும் அதே சொல்தான் இருக்கிறது, அரபுக் கிறிஸ்தவர்கள் அதைச் சொல்லித்தான் ஜெபிக்கிறார்கள். அயலவரைப் பற்றித் தெரியாத ஒன்றைச் சொல்லிப் பரப்புவது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில் அதுவும் ஒன்று.

சரி, ஒன்றா? வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒருவரே, ஆபிரகாமின் கடவுளைத் தொழுவதாகத்தான் முஸ்லிம்களும் சொல்கிறார்கள். எனக்கு வழி காட்டுவது யோவான் 4:22. சமாரியப் பெண்ணிடம் இயேசு "உங்கள் கடவுள் வேறு" என்று சொல்லவில்லை, "நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள்" என்றார். தண்ணீர் கேட்டு, உட்கார்ந்து கதைத்துச் சொன்னார். பிதாவை நாங்கள் குமாரன் வழியாக அறிகிறோம். அந்த அறிவு இஸ்லாத்தில் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, ஆனால் அவர் சொன்ன மாதிரியே சொல்ல விரும்புகிறேன்.

குர்ஆனில இயேசு இருக்கிறாராமே. பிறகு என்ன வித்தியாசம்?

இருக்கிறார், மரியாதையோடு. ஈஸா கன்னி மரியாளிடம் பிறந்தார், குருடரைச் சுகமாக்கினார், மரித்தோரை எழுப்பினார், மஸீஹ் (மேசியா) என்ற பட்டம் அவருக்கே உரியது, இவை எல்லாம் குர்ஆனில் உண்டு. 19ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண்ணும் மரியாள்தான்.

வித்தியாசம் இரண்டு இடத்தில். அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்று 4:157 சொல்கிறது. கடவுளுக்குக் குமாரன் இல்லை என்று 112ஆம் அத்தியாயம் சொல்கிறது. கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார் என்பதை எல்லாவற்றிலும் முதன்மையாக ஒப்புக்கொடுத்தேன் என்று பவுல் 1 கொரிந்தியர் 15:3இல் எழுதினார். அது போனால் எங்களிடம் சுவிசேஷம் இல்லை. "எல்லாம் ஒண்டுதான்" என்று இதை மூடி மறைக்கிறவர்கள் முஸ்லிம்களுக்கும் நேர்மையாக இல்லை, எங்களுக்கும் நேர்மையாக இல்லை.

என்னோட வேலை செய்யிற முஸ்லிம் தம்பி, முகம்மது நபி வருவார் எண்டு பைபிளிலயே இருக்குது எண்டு சொல்லுறான். என்ன பதில் சொல்ல?

அவர் பெரும்பாலும் இரண்டு இடங்களைக் காட்டுவார். ஒன்று உபாகமம் 18:18, மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசியைச் சகோதரரிலிருந்து எழும்பப்பண்ணுவேன் என்பது. சகோதரர் என்றால் இஸ்மவேலர் என்பது அவர்கள் விளக்கம். ஒரு அதிகாரம் முன்னால் போங்கள். 17:15இல் ராஜாவைச் சகோதரருக்குள்ளிருந்து வைக்க வேண்டும், அந்நியனை வைக்கக் கூடாது என்று இருக்கிறது. அங்கே சகோதரர் என்றால் இஸ்ரவேலர். அதே வசனத்தைப் பேதுரு அப்போஸ்தலர் 3:22இல் இயேசுவைக் குறித்தே சொல்கிறார்.

மற்றது யோவான் 14:16, தேற்றரவாளன். கிரேக்கத்தில் பராக்கிளேட்டோஸ். அது முதலில் "புகழப்பட்டவர்" என்ற பொருளுள்ள வேறொரு சொல்லாக இருந்தது, குர்ஆன் 61:6இல் வரும் அஹ்மத் அவர்தான் என்று வாதிடுவார்கள். அந்த வேறு சொல்லோடு ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகூட இல்லை. அடுத்த வசனத்தையும் காட்டுங்கள்: அவர் சத்திய ஆவி, உலகம் அவரைக் காணாது, அவர் சீஷர்களுக்குள்ளே இருப்பார். அமைதியாகச் சொல்லுங்கள், வேலைத்தளத்தில் நாளைக்கும் அவனோடுதான் சாப்பிட வேண்டும்.

வெளிப்படுத்தல் 9இல வாற வெட்டுக்கிளிகள் இஸ்லாமியப் படைதானே?

அப்படி நினைத்தவர்கள் நிறையப் பேர். புல்லையும் மரத்தையும் சேதப்படுத்த வேண்டாம் என்று வெட்டுக்கிளிகளுக்குக் கட்டளை (9:4). மரங்களை வெட்ட வேண்டாம் என்று நபிக்குப் பிறகு முதல் தலைவரான கலீபா அபூபக்கர் தன் படைக்குச் சொன்னதாக மரபு உண்டு. இரண்டையும் இணைத்தார்கள். ஐந்து மாதம் என்பது 150 நாள், நாளுக்கு வருடம் என்றால் 150 வருடம், 612 முதல் 762 வரை என்று கணக்குப் போட்டார்கள். ஐபிராத்து நதியில் கட்டப்பட்ட நாலு தூதர்கள் துருக்கியர் என்றார்கள். அமெரிக்காவில் ஜோசையா லிட்ச் என்ற பிரசங்கியார் 9:15இன் மணி, நாள், மாதம், வருடத்தை 391 வருடமும் 15 நாளும் என்று எண்ணி, 1840 ஆகஸ்ட் 11இல் துருக்கியப் பேரரசின் அதிகாரம் முடியும் என்றார். துருக்கிய சுல்தானகம் ஒழிக்கப்பட்டது 1922இல். லிட்ச் இருந்த அதே கூட்டம் 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து நொறுங்கிப் போனது.

எனக்கு இந்த அதிகாரத்தோடு ஒரு சொந்த நினைவும் இருக்கிறது. 2009 மாசியில் மாத்தளன் பக்கம் பங்கருக்குள் இருந்தபோது, ஒரு வயதான ஐயா இதே அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தார். "சிறகுகளின்ர இரைச்சல் யுத்த இரதங்களின்ர இரைச்சல் மாதிரி எண்டு கிடக்குது. இது கிபிர்தான், பிள்ளையள்" என்றார். கிபிர் என்பது குண்டு போட வரும் போர் விமானம். நாங்கள் எல்லாரும் நம்பினோம். அந்த நேரம் மேலே கேட்ட சத்தத்துக்கு அது அவ்வளவு பொருந்தியது. பிறகு முகாமில் இருந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். அவரவர் காலத்தில் அவரவர் தலைக்கு மேல் எது இரைந்ததோ அதை அந்த வசனத்துக்குள் கண்டிருக்கிறோம். அந்த ஐயாவை நான் குறை சொல்லவில்லை, பயத்தில் கடவுளின் வார்த்தையைத்தானே பிடித்துக்கொண்டார். ஆனால் அவருடைய விளக்கத்தை இன்றைக்கு யாருக்கும் படிப்பிக்க மாட்டேன்.

வெட்டுக்கிளிகள் எகிப்தின் வாதையையும் யோவேல் புத்தகத்தையும் நினைவுபடுத்துகின்றன. அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை வாசியுங்கள். இவ்வளவு நடந்தும் மனுஷர் மனந்திரும்பவில்லை என்பதுதான் யோவானின் துக்கம். படை யாருடையது என்பதை அவர் சொல்லவில்லை.

தானியேல் 7இல சின்னக் கொம்பு முகம்மது நபியெண்டு லூத்தரே சொன்னாராம். அவரை விட எங்களுக்குத் தெரியுமோ?

லூத்தர் துருக்கியரை அந்தக் கொம்பாகக் கண்டது உண்மை. எப்போது? 1529இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்ட நாட்களில். முந்தின பதிலில் சொன்ன அதே கதை. அவர் போப்பாண்டவரை அந்திக்கிறிஸ்து என்றும் சொன்னார், அதை எங்கள் கத்தோலிக்க உறவுகளிடம் போய்ச் சொல்லுவீர்களா? அவருக்கு எட்டு நூற்றாண்டு முன்னால், இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த தமஸ்கு யோவான் என்ற சபைப் பிதாவும் இஸ்மவேலரின் மார்க்கத்தை அந்திக்கிறிஸ்துவுக்கு முன்னோடி என்று எழுதினார். வேறு சிலருக்கு அந்தக் கொம்பு ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் ராஜா, வேறு சிலருக்கு இனி வரப்போகிறவன்.

லூத்தரிடம் நான் மதிக்கிற காரியம் வேறு. 1543இல் பாசல் நகரத்தில் குர்ஆன் லத்தீனில் அச்சாக வேண்டும் என்று அவர் ஆதரவு கொடுத்தார். சனம் தாங்களே வாசித்து அறியட்டும் என்றார். குர்ஆனின் ஒரு பக்கத்தையும் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரிடம் இதையாவது படிக்கலாம்.

அந்திக்கிறிஸ்து முஸ்லிமாத்தான் வருவானோ? மஹ்தி எண்டு அவையள் எதிர்பார்க்கிற ஆள்தான் அவன் எண்டு கேள்விப்பட்டன்.

கடைசி நாட்களில் மஹ்தி என்ற தலைவர் வருவார், ஈஸா இறங்கி வந்து தஜ்ஜால் என்ற பொய் மஸீஹைக் கொல்லுவார், சிலுவையை முறிப்பார் என்று நபியின் சொற்களைத் தரும் ஹதீஸ்களில் இருக்கிறது. மஹ்தியின் பெயர் குர்ஆனில் இல்லை. எங்கள் அந்திக்கிறிஸ்துவுக்கும் அவர்கள் மஹ்திக்கும் முடிச்சுப் போடுவது அண்மைக் காலத்தில் புத்தகங்களாலும் வீடியோக்களாலும் பரவியது. அதற்கு ஒரு பெரிய இடறல் இருக்கிறது. 2 தெசலோனிக்கேயர் 2:4இன் பாவமனுஷன் தன்னையே கடவுள் என்று காட்டிக்கொண்டு ஆலயத்தில் உட்காருவான். "நான் கடவுள்" என்று சொல்லுகிற ஒருவன் அந்தக் கணமே இஸ்லாத்துக்கு வெளியே போய்விடுவான். மனுஷனைக் கடவுளாக்கக் கூடாது என்பதுதானே அவர்களுடைய அடிப்படை.

அப்புறம், அந்திக்கிறிஸ்து என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்திலேயே இல்லை. யோவானின் நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. அங்கே அவர் "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையில் எழுதுகிறார், அவர்கள் "நம்மைவிட்டு" போனவர்கள் என்கிறார் (1 யோவான் 2:18-19). அவர் கண் இருந்தது சபைக்குள்.

ஆனா பிதாவையும் குமாரனையும் மறுதலிக்கிறவனே அந்திக்கிறிஸ்து எண்டு அதே நிருபத்தில இருக்கே. இஸ்லாம் குமாரனை மறுக்குது. அப்ப?

கடினமான கேள்வி, சுற்றி வளைக்க மாட்டேன். இயேசு தேவகுமாரன் அல்ல என்கிற எந்தப் போதனையும் யோவானின் அளவுகோலின் முன்னால் நிற்க முடியாது. இஸ்லாத்தின் போதனையும் அப்படியே. ஒரு கிறிஸ்தவனாக இதற்குக் குறைவாக நான் சொன்னால் அது பொய்.

ஆனால் அந்த வசனம் போதனையை அளக்கிறது. அதை எடுத்து, குமாரனைப் பற்றி ஒரு நாளும் சரியாகக் கேள்விப்படாத, மூன்று கடவுளை நாங்கள் கும்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு முஸ்லிம் நானாவின் முகத்தில் ஒட்டுவதற்கு எழுதப்படவில்லை. அவர் மறுப்பது பல நேரம் நாங்களும் மறுக்க வேண்டியதையே: கடவுள் மனுஷரைப் போல மனைவி வைத்துப் பிள்ளை பெற்றார் என்பதை. அதைத் தெளிவாக்குவது எங்கள் கடன், நாங்கள் அதைச் செய்யவில்லை.

666 எண்ட இலக்கம் உண்மையில அரபில "பிஸ்மில்லா" எண்டு ஒரு வீடியோ வந்துது. பார்த்தால் அப்படித்தான் இருக்குது.

666 என்பது வெளிப்படுத்தல் 13:18இல் வரும் மிருகத்தின் இலக்கம், பிஸ்மில்லா என்றால் "அல்லாஹ்வின் பெயரால்". பார்வைக்கு ஒத்திருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. அந்த வீடியோக்களில் வத்திக்கான் பழம்பிரதி என்ற கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதியைக் காட்டுவார்கள். அதன் நாலாம் நூற்றாண்டுப் பகுதியில் வெளிப்படுத்தின விசேஷமே இல்லை, அது எபிரெயர் 9ஓடு நின்றுவிடுகிறது. மிச்சம் 15ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. அதற்கும் முந்திய மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் இந்த இலக்கம் மூன்று கிரேக்க எழுத்துகளில் இருக்கிறது. கிரேக்கர் எழுத்துகளையே எண்ணாகப் பாவித்தார்கள். பழைய பாப்பிரஸ் இன்னொன்றில் 616 என்று இருக்கிறது. அரபு வசனமாக இருந்தால் 616 எப்படி வரும்? இரண்டு எண்ணும் நீரோ இராயன் என்ற பெயரின் இரண்டு எழுத்து முறைகளுக்குப் பொருந்துகின்றன என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

தலையை வெட்டுறது, பச்சைக் குதிரை, இதெல்லாம் அடையாளம் இல்லையோ?

இல்லை. வெளிப்படுத்தல் 20:4இல் சிரச்சேதத்துக்கு வரும் கிரேக்கச் சொல் கோடரியில் இருந்து பிறந்தது. உரோமர் கோடரியால் தலையை வெட்டினார்கள், வாசித்த சபைகளுக்கு அது தெரியும். 6:8இன் மங்கின நிறக் குதிரைக்கு வரும் சொல் புல்லின் பச்சைக்கும் நோயாளியின் வெளிறலுக்கும் பொதுவானது. அதன்மேல் இருக்கிறவனுடைய பெயர் மரணம். பிணத்தின் நிறம்.

கோகு மாகோகு யுத்தத்தில பெர்சியா வருது. அது ஈரான்தானே? அப்ப முஸ்லிம் நாடுகளின்ர யுத்தம்தானே?

பெர்சியா இன்றைய ஈரான், அது சரி. எசேக்கியேல் 38இல் அது ஒரு கூட்டாளி மட்டும். தலைவன் கோகு, மேசேக்குக்கும் தூபாலுக்கும் அதிபதி. அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் மேசேக் மாஸ்கோ என்று படிப்பித்தார்கள். உண்மையில் அவை பழைய ஆசியா மைனரின் இனங்கள், இன்றைய துருக்கிப் பக்கம். சோவியத் உடைந்ததும் விளக்கம் இடம் மாறியது.

வீடியோக்களில் வராத வசனம் ஒன்று இருக்கிறது. 38:13. சேபாவும் தேதானும் கோகைப் பார்த்து, "கொள்ளையிடவா வந்தாய்?" என்று கேட்கிறார்கள். சேபாவும் தேதானும் அரேபியா. அரேபியா கோகின் பக்கம் நிற்கவில்லை. அதோடு, பைபிளில் பெர்சியா அநேக இடங்களில் நல்ல பெயரோடு வருகிறது. யூதரைச் சிறையிருப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய கோரேசு பெர்சிய ராஜா. வெளிப்படுத்தல் 20:8இல் கோகும் மாகோகும் பூமியின் நான்கு திசைகளின் ஜாதிகள் எல்லாவற்றுக்கும் பெயராகிவிடுகின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளியே எந்த ஜாதியும் இல்லை, தமிழரும் இல்லை.

அப்ப நாங்கள் இஸ்ரேலின்ர பக்கம் நிற்க வேண்டாமோ? ஆசீர்வதிக்கிறவனை ஆசீர்வதிப்பேன் எண்டு இருக்கே.

ஆதியாகமம் 12:3 ஆபிரகாமுக்குச் சொன்னது, அதன் முடிவு "பூமியிலுள்ள வம்சங்களெல்லாம்" ஆசீர்வதிக்கப்படும் என்பது. யூத மக்களை நேசிக்கிறேன், என் இரட்சகர் அவர்களில் பிறந்தார். ஒரு அரசாங்கம் போடும் ஒவ்வொரு குண்டுக்கும் ஆமென் சொல்ல அந்த வசனம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 2023 அக்டோபரில் காசாவில் சனம் தஞ்சமிருந்த புனித பொர்பிரியுஸ் தேவாலய வளாகத்தில் குண்டு விழுந்து செத்தவர்கள் அரபு பேசும் கிறிஸ்தவர்கள். அந்த மாதம் 7ஆம் திகதி ஹமாஸ் கொன்ற யூதக் குடும்பங்களுக்காகவும் நாங்கள் ஜெபித்தோம். கோவிலுக்குள் ஓடினால் தப்பலாம் என்று நினைத்து ஓடிய ஊர் எங்கள் ஊர். யாருடைய பிள்ளை என்று பார்த்து அழ எங்களால் முடியாது.

உயிர்த்த ஞாயிறில குண்டு வைச்சவங்கள். "உங்களைக் கொலைசெய்கிறவன் தேவனுக்குத் தொண்டுசெய்கிறவனென்று நினைக்குங்காலம் வரும்" எண்ட வசனம் இவங்களைப் பற்றித்தானே?

2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், சீயோனில் பல பிள்ளைகள். யோவான் 16:2 அந்தக் காலைக்குப் பொருந்துகிறது, மறுக்க மாட்டேன். செய்தவர்கள் தங்கள் கடவுளுக்குச் செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள்.

ஆனால் அந்த வசனம் முதலில் நிறைவேறியது யாரில்? தர்சு ஊர் சவுலில். ஸ்தேவானைக் கொன்றவர்களின் வஸ்திரங்களைக் காத்து நின்றவன், கடவுளுக்காகச் செய்கிறேன் என்று நம்பினவன் (அப்போஸ்தலர் 26:9). அவனைக் கடவுள் என்ன செய்தார் என்பது தெரியும். எங்கள் ஊருக்கு மாதம் ஒரு தடவை துணி கொண்டு வரும் நானா அந்தக் குண்டுகளுக்குப் பிறகு மூன்று மாதம் வரவில்லை. வந்த அன்று வாசலில் நின்றபடி, "உள்ளுக்கு வரலாமா, தங்கச்சி?" என்று கேட்டார். இருபது வருடமாகக் கேட்காமல் வந்தவர். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது.

திரும்பி வந்த முஸ்லிம் ஆக்கள் எங்கட காணிகளைப் பிடிக்கீனம் எண்டும், இதுவும் கடைசிக்கால அடையாளம் எண்டும் சொல்லீனம்.

அவர்கள் திரும்பி வந்தவர்கள் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுவோம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களைச் சுமார் 75,000 பேர், கையில் அகப்பட்டதோடு வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அவர்கள் போன அன்று கிறிஸ்தவர்களாகிய நாங்கள் வாய் திறந்து பேசியது மிகக் குறைவு. பயம் இருந்தது, உண்மை. எங்கள் சபையில் அதை இப்போது ஜெபத்தில் அறிக்கை செய்கிறோம்.

காணிப் பிணக்குகள் உண்மையானவை, சில இடங்களில் தமிழருக்கு அநியாயமும் நடந்திருக்கலாம். உறுதியையும் பெர்மிற்றையும் கொண்டு பிரதேச செயலகத்திலும் நீதிமன்றத்திலும் அதைத் தீர்க்க வேண்டும். எசேக்கியேலை அந்த வழக்குக்குச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

நோன்புக் கஞ்சி தந்தால் குடிக்கலாமோ?

குடியுங்கள், நன்றி சொல்லுங்கள். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைப்பதைச் சாப்பிடலாம் என்கிற 1 கொரிந்தியர் 10:27 போதும்.

இவ்வளவும் சொல்லிப் போட்டு, இஸ்லாத்துக்குத் தீர்க்கதரிசனத்தில இடமே இல்லை எண்டுறீங்களோ?

மதமாகப் பெயரோடு இல்லை. ஆனால் இஸ்லாம் பரவிய தேசங்களுக்கு இடம் உண்டு, அது வீடியோக்கள் சொல்லும் இடம் இல்லை. ஏசாயா 60:7இல் கேதாரின் ஆடுகளும் நெபாயோத்தின் கடாக்களும் கர்த்தருடைய பலிபீடத்துக்கு வருகின்றன. மேலே சொன்ன இஸ்மவேலின் பிள்ளைகளின் பெயர்கள்தான் அவை. ஏசாயா 19:25இல் கர்த்தர் எகிப்தை "என் ஜனம்" என்றும் அசீரியாவை "என் கரத்தின் கிரியை" என்றும் அழைக்கிறார். இன்றைய எகிப்தும் ஈராக்கும். பெந்தெகொஸ்தே நாளில் கடவுளின் மகத்துவங்களைத் தங்கள் பாஷையில் கேட்டவர்களில் அரபியரும் உண்டு (அப்போஸ்தலர் 2:11).

இன்னொரு இடம் எங்களை நடுங்க வைக்க வேண்டியது. வெளிப்படுத்தல் 2, 3இல் உள்ள ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கியில் இருக்கின்றன. சிமிர்னாதான் இன்றைய இஸ்மிர். எபேசு இடிபாடு. ஆதி அன்பை விட்டாய், மனந்திரும்பாவிட்டால் உன் விளக்குத்தண்டை நீக்கிவிடுவேன் என்று இயேசு எபேசுவுக்குச் சொன்னார். அது சபைக்குச் சொன்னது. நாங்கள் 9ஆம் அதிகாரத்துக்கு ஓடுகிற வேகத்தில் 2ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அப்ப அவையளுக்காக என்னெண்டு ஜெபிக்கிறது?

முள்ளியவளையில் இருக்கும் எங்கள் சபை அக்கா ஒருவர் செய்வதைச் சொல்லுகிறேன். அவர் வீட்டுக்குப் பாங்கு கேட்கும். முந்தி அந்த நேரம் றேடியோவைக் கூட்டி வைப்பாராம். இஸ்மவேல் என்ற பெயரின் பொருளைப் படித்த கிழமையில் இருந்து, விடியப்புறப் பாங்கு கேட்டதும் எழும்பி, அடுப்பு மூட்ட முதல், தனக்குத் தெரிந்த முஸ்லிம் வீடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறார். இயேசுவை அவர்கள் அறிய வேண்டும் என்று கேட்கிறார், பிள்ளைகளின் சுகத்துக்கும் கேட்கிறார், துணிக்கார நானாவின் முழங்கால் நோவுக்கும் கேட்கிறார்.